சேதி இல்லையேல்

என் சர்வருக்கு வெளி என்று ஒன்று இருப்பதே தெரியாது.
சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட்,
அண்ணனின் சைலன்சர் கடைக்குப் பின்னறையில்
இன்வெர்ட்டரும் தானுமாய் உறுமிக் கிடந்தது.
அதற்குள் ஒரு துறைமுக நகரம்,
முப்பத்தொரு பேர், திருட்டு லாரிகள்,
ஒருநாளும் நனையாத தார்ச்சாலை.
மூன்று வருடம் முன்பு வெயில் என்று எழுதி வைத்தேன்.
அன்றிலிருந்து வெயில்.

கேப்டவுனிலிருந்து யுகேந்திரன் மைக்கில் சொன்னான்:
“இதுவா டர்பன்? ஈரமே இல்லையே.”

அன்றிரவே உட்கார்ந்தேன்.
ஒரு மாட்யூல், நூற்றுப் பன்னிரண்டு வரி.
சுவரில் துளை போட்டு
மழையா என்று வெளியே கேட்பது மட்டுமே வேலை.
சில்வர்கிளென் பள்ளிக்கூடக் கூரையில்
மிஸ் குமாலோ பொருத்திய மழைமானி
பத்து நிமிடத்துக்கு ஒரு எண் வைத்திருக்கும்,
கேட்பாரில்லாமல்.
சாவி வேண்டுமென்று போய் நின்றேன்.
இருபத்துநாலு எழுத்தைத் தாளில் எழுதித் தந்தார்.
“விளையாட்டுக்கா?”
“விளையாட்டுக்குத்தான், மிஸ்.”

முதல் தடவை கேட்டேன்.
நகரம் நின்றுவிட்டது.
லாரி திரும்பிய வளைவிலேயே,
குண்டு துப்பாக்கிக்கும் நெஞ்சுக்கும் நடுவில்,
பாலத்திலிருந்து குதித்தவள் கூந்தல் விரிய அந்தரத்தில்.
பதிலுக்குக் காத்திருக்கிறதாம் சர்வர்.
பதினொரு நொடி.
பிறகு எல்லாம் ஒரே மூச்சில் நடந்து முடிந்தது.
அவள் தண்ணீரில், அவன் தரையில்,
“நெருஷா, என்ன பண்ணித் தொலைச்ச?”
நாலு மொழியில் ஏச்சு.

கேட்டுவிட்டு நிற்கக் கூடாது.
கேள்வியைத் தனி இழையில் அனுப்பிவிட்டு
உன் பாட்டுக்கு ஓடு.
பதில் வந்தால் தட்டும்.
தட்டும்போது யார் திறப்பது என்பதை மட்டும்
முன்கூட்டி எழுதி வை.
எழுதினேன். இருநூறு வரி தாண்டியது.
இரண்டு தரம், கதவே இல்லாத சுவரைத் தட்டிச் செத்தது.
ஓயாமல் கேட்டால்
நானூற்று இருபத்தொன்பது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது கூரை.
சரி, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம்.

டிசம்பர் ஒன்பது, மாலை நாலேமுக்கால்.
ஹிகின்சன் நெடுஞ்சாலைமேல் இடி உருண்டது.
பின்னறைத் தகரத்தில் முதல் துளி.
திரையில் வெயில்.
தகரம் முழுக்கத் தாளம். திரையில் வெயில்.
பிறகு துறைமுகக் கிரேனின் நுனி இருண்டு
ஊர் மொத்தத்துக்கும் கொட்டியது.
கொஞ்ச நேரம் யாரும் யாரையும் சுடவில்லை.
யுகேந்திரன் ஆட்டத்தை விட்டு இறங்கி
அம்மாவுக்குப் போன் போட்டானாம்:
“கொடியில துணி கிடக்கா? எடுங்க.”
“கேப்டவுன்ல இருக்கிறவனுக்கு எப்படிடா தெரியும்?”

ஜனவரியில் ஒருநாள் மின்சாரம் ஐந்து மணி நேரம் போனது.
எனக்கு இன்வெர்ட்டர் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு இல்லை.
கேள்வி போனது. பதில் இல்லை.
மறுபடி போனது.
கடைசியாய் வந்த எண் மழை என்றதால்
வெளியே சாட்ஸ்வர்த் சுள்ளென்று காய்ந்தாலும்
நகரத்தில் விடாமல் ஊற்றியது.
யுகேந்திரன் அம்மா மூன்று தரம் துணி காயப்போட்டு
மூன்று தரம் எடுத்தார்.

பதில் வராதபோது என்ன வானிலை?
இதை எழுதாமல் விட்டிருந்தேன்.
பழைய மழையையே பெய்யவிடலாம்.
வெயில் என்று பொய் சொல்லலாம்,
மூன்று வருடம் சொன்னதுதானே.
விசைப்பலகைமேல் கை வைத்தபடி
தேநீர் ஆறும்வரை இருந்தேன்.
பிறகு ஒரே வரி:
ஐந்து நொடிக்குள் சேதி இல்லையேல், மூடுபனி.

சில இரவுகளில் இப்போதும் நகரத்தில் பனி இறங்கும்.
புதிதாய்ச் சேர்ந்த பீனிக்ஸ் பையன் டெஷன்
“செமையா இருக்கு, யார் வரைஞ்சது?” என்கிறான்.
லாரிகள் விளக்கு எரிய ஊர்ந்து போகின்றன.
நான் எழுந்துபோய்
பின்கதவைத் திறந்து
வெளியே கையை நீட்டிப் பார்க்கிறேன்.